பாலைவனத்துக்குப் படகில் போனோம்

பத்து பாகாட்டில் வளரும் பிள்ளைகளுக்குக் கடற்கரை என்றால் சேறுதான். மின்யாக் பெக்குவுக்குப் போனாலும் புங்குருக்குப் போனாலும் கண்டல் மரங்கள் இருக்கும், வயிறாரச் சாப்பிட கடலுணவு கிடைக்கும், நீர் வற்றிய நேரத்தில் கணுக்கால் புதைகிற சாம்பல் நிறச் சேறும் இருக்கும். மணல்வீடு மட்டும் கட்ட முடியாது. அதனால்தானோ என்னவோ, போன பள்ளி விடுமுறையில் என் ஆறு வயது மகன், "மா, எனக்குப் பாலைவனம் பார்க்கணும்" என்று பிடிவாதம் பிடித்தான். துபாய்க்கு ஐந்து பேருக்கு விமான டிக்கெட் விலையைப் பார்த்தேன். பார்த்த வேகத்தில் மூடியும் வைத்தேன்.

பாலைவனம் பக்கத்திலேயே இருந்தது. இந்தோனேசியாவின் பிந்தான் தீவில், புசுங் என்ற கிராமத்தில். வெள்ளை மணல்மேடுகள், அவற்றுக்கு நடுவே நீல நிறத் தண்ணீர். 'குருன் பாசிர்' என்று அந்த மணல்வெளிக்குப் பெயர். தண்ணீருக்குப் பெயர் 'தெலாகா பீரு', அதாவது நீலக் குளம்.

நான், கணவர், ஒன்பது வயது மகள், அடம்பிடித்த மகன், கூடவே என் மாமியார். ஆயர் ஈத்தாம் வழியாக நெடுஞ்சாலை ஏறினால் ஜொகூர் பாரு இரண்டு மணி நேரம். ஸ்தூலாங் லாவுட் படகுத்துறையிலிருந்து தஞ்சோங் பினாங்குக்குப் படகு. கடப்பிதழ் மறக்காதீர்கள். அங்கே நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால். கைக்கடிகாரத்தை மாற்றிவிடலாம், பிள்ளைகளுக்குப் பசி மலேசிய நேரப்படிதான் வரும். அன்றிரவு தஞ்சோங் பினாங்கில் தங்கி, மறுநாள் காலையிலேயே ஒரு வாடகைக் காரில் கிளம்பினோம். அங்கே ஒதுங்க நிழல் குறைவு, வெள்ளை மணலில் வெயில் கண்ணைக் கூசும். போகிறவர்கள் வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். தொப்பி வேண்டும், ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர் வேண்டும்.

காரை விட்டு இறங்கியதும் இருவரும் ஓடியே விட்டார்கள். காலணி ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். மேடுகள் மலை உயரமெல்லாம் இல்லை. ஆனால் ஆறு வயதுக்காரனுக்கு அது சஹாராதான். மழைநீர் வழிந்தோடிய தடங்கள் மேட்டுச் சரிவெல்லாம் கோடு கோடாக இருந்தன. ஏறுவது, உட்கார்ந்து சறுக்குவது, திரும்ப ஏறுவது. ஒரு மணி நேரத்துக்கு எந்தப் பிள்ளையும் கைப்பேசி கேட்கவில்லை. பெற்றோருக்கு இதைவிட வேறு சுற்றுலா வேண்டுமா?

கணவர் ஒரு விளையாட்டு சொல்லிக்கொடுத்தார். காய்ந்த மணலைக் கையில் அள்ளி ஒரே இடத்தில் ஊற்ற வேண்டும். குவியல் உயரும், ஒரு கட்டத்தில் சரியும். எவ்வளவு ஊற்றினாலும் சரிவின் சாய்வு மட்டும் மாறாது, ஏறக்குறைய 30 முதல் 35 பாகை. ஈரமணலாக இருந்தால் சுவர்போல நிற்கும், காய்ந்ததும் பொலபொலவென்று உதிரும். மகள் இதை ஐந்தாறு முறை செய்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்: "அப்போ அந்தக் குளத்துக் கரை மட்டும் ஏன் சுவர் மாதிரி நிக்குது?"

அதுவரை குளத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்த நான் அப்போதுதான் கரையைப் பார்த்தேன். மாமியார் முன்பே பார்த்துவிட்டிருந்தார். சின்னவன் தண்ணீரை நோக்கி நாலு எட்டு வைத்ததும், அறுபத்தெட்டு வயதில் அவருக்கு எங்கிருந்து அந்த ஓட்டம் வந்ததோ, போய் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "காலை நனைக்கிறேன் பாட்டி, காலை மட்டும்" என்று அவன் அழுதான். அவர் விடவில்லை. எனக்குக்கூட, இவ்வளவு தூரம் வந்து காலை நனைக்கக் கூடாதா என்று தோன்றியது. சொல்லியும்விட்டேன்.

"இது குளமில்லைம்மா. குட்டை. ஈயக்குட்டையும் இப்படித்தான் அழகா இருக்கும்" என்றார்.

அத்தை ஈப்போ பக்கம் வளர்ந்தவர். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டி விட்டுப்போன குட்டைகளைச் சுற்றித்தான் அவர்கள் விளையாடியிருக்கிறார்கள். அவருடைய தம்பி எட்டு வயதில் அப்படி ஒரு குட்டையில் போய்விட்டான். திருமணமாகி இந்த வீட்டுக்கு வந்து பதினொரு வருடத்தில் எனக்கு இது தெரியாது. வானொலியில் தினமும் ஊராரின் கதையைக் கேட்டு வாங்குகிறவள் நான்.

அவர் சொன்னதில் கணக்கும் இருக்கிறது. இயற்கையான ஏரியின் அடித்தளம் பெரும்பாலும் மெதுவாகத்தான் ஆழமாகும். தோண்டிய குழி அப்படியல்ல. முதல் அடி முழங்கால் அளவு என்றால் மூன்றாவது அடியில் தரையே இருக்காது. கரை மணல் காலடியில் சரியும், பிடித்து ஏறவும் விடாது. அந்த நீல நிறமும் ஆழத்தை மறைக்கும். இதுபோன்ற சுரங்கக் குட்டைகளில் கலந்திருக்கும் நுண்ணிய தாதுத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் தண்ணீர் நீலமாகத் தெரிகிறது.

புசுங்கும் தோண்டிய இடம்தான். பாலைவனம் என்ற பெயர் பிறகு வந்தது. மண்ணை அள்ளிக் கப்பலேற்றிய பிறகு மிஞ்சியவைதான் இந்த மேடுகளும் குழிகளும். ரியாவ் தீவுகளின் மணல் பல ஆண்டுகள் சிங்கப்பூரின் நிலமீட்புக்குப் போனது. 1960களில் ஏறக்குறைய 580 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூர் இன்று 730 சதுர கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. மலேசியா 1997இல் கடல் மணல் ஏற்றுமதியை நிறுத்தியது. இந்தோனேசியா 2003இல் கடல் மணலுக்கும் 2007இல் நிலத்து மணலுக்கும் தடை போட்டது. சிங்கப்பூரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நம் வீட்டுச் சுவரும் மணல்தான். உலகம் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் மணலும் சரளையும் பயன்படுத்துவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சொல்கிறது.

இதை எல்லாம் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று தயங்கினேன். சறுக்கி விளையாடி மகிழ்ந்த இடத்தை, "இது காயம்பட்ட பூமி" என்று சொல்லிக் கெடுப்பானேன்? கணவர் சொல்லிவிடலாம் என்றார். சொன்னோம். சின்னவன் அழுகையை நிறுத்திவிட்டு, "அப்போ யாரு திரும்பி மூடுவா?" என்று கேட்டான். மகள் அத்தையின் தம்பி பெயரைக் கேட்டாள். அத்தை சொன்னார்.

பத்து மணிக்கு மேல் மணல் சுட ஆரம்பித்தது. வழியில் ஒரு கடையில் ஓத்தாக்-ஓத்தாக், பெரியவர்களுக்கு கொங்கொங் என்ற கடல்நத்தை, எல்லாருக்கும் 'தே ஓபெங்'. நம் ஐஸ் தேத்தண்ணிக்கு அங்கே அதுதான் பெயர். பில்லில் இருந்த பூஜ்யங்களை எண்ணி எண்ணிச் சின்னவன் சிரித்தான்.

திரும்பும் படகு சிங்கப்பூரின் கிழக்குக் கரையை ஒட்டி வந்தது. தெக்கோங் தீவு தெரிந்தது. அங்கே நடந்த நிலமீட்பை எதிர்த்து 2003இல் மலேசியா அனைத்துலகக் கடல் சட்டத் தீர்ப்பாயம் வரை போனது, ஜொகூர் மீனவர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். மகள் சன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, "இதுல எந்த மண்ணும்மா அது?" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அத்தை தூங்கிவிட்டிருந்தார். சின்னவனின் மணிக்கட்டு அப்போதும் அவர் கையில்தான் இருந்தது. அவனும் உருவிக்கொள்ளவில்லை.