எங்கே உடைய வேண்டும் என்பதும் வடிவமைப்புதான்

விமான இன்ஜினின் முகப்பில் வளையமாகத் தெரியும் நுழைவாய்தான் காற்றைச் சீராக விசிறிக்குள் அனுப்புகிறது. இன்று பல விமானங்களில் அதன் சுவர்கள் கார்பன் ஃபைபர் கூட்டுப்பொருளால் ஆனவை. 250 நாட், அதாவது மணிக்கு சுமார் 460 கி.மீ. வேகத்தில் பறக்கும்போது 1.8 கிலோ எடையுள்ள பறவை மோதினால் ஏறக்குறைய 15,000 ஜூல் ஆற்றல் வந்து இறங்கும். ஒரு டன் கார் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் சுவரில் முட்டுவதற்கு அது சமம். ஆனால் இங்கே எல்லாம் சில மில்லிசெகண்டில் முடிந்துவிடும். அந்த வேகத்தில் பறவையின் உடல் திரவம்போல் நசுங்கிப் பரவுகிறது. இத்தகைய மோதலுக்குப் பிறகும் விமானம் பத்திரமாகப் பறந்து தரையிறங்க வேண்டும் என்பதே அமெரிக்க விதி. எதுவும் உடையவே கூடாது என்று அது சொல்லவில்லை.

அதனால் நுழைவாயின் தரத்தை வலிமையை மட்டும் வைத்து அளப்பது தவறு. அலுமினியம் நசுங்கி, மடிந்து ஆற்றலை விழுங்கும். கார்பன் இழையோ இரண்டு சதவீதம்கூட நீளாமல் முறிந்துவிடக்கூடும். அடுக்குகள் உள்ளே பிரிந்திருக்க, மேற்பரப்பு பழுதில்லாததுபோலத் தெரிவதும் உண்டு. தடிமனைக் கூட்டினால் எடைதான் ஏறும், உடையும் விதம் மாறாது. எளிதில் விரிசல் விடாத ரெசின், கண்ணாடி அல்லது அராமிட் இழை அடுக்குகள், பின்னல் நெசவு ஆகியவைதான் விரிசல் ஓடுவதைத் தடுக்கும். போல்ட் துளைகளையும் இணைப்புகளையும் தனியாகவே கவனிக்க வேண்டும்.

2021 பிப்ரவரி 20 அன்று டென்வரிலிருந்து புறப்பட்ட யுனைடெட் ஏர்லைன்ஸ் 328 விமானத்தில் பறவை மோதவில்லை. உலோகச் சோர்வால் ஒரு விசிறி பிளேடு முறிந்தது. ஆனாலும் நுழைவாய் பிய்ந்து புரூம்ஃபீல்ட் நகரின் குடியிருப்புகளுக்கிடையே விழுந்தது. சான்றிதழுக்கான சோதனையில் அலுமினியமாக இருந்த பாகங்கள், பறந்த போயிங் 777-இல் கார்பன் ஃபைபராக மாறியிருந்தன. ஆற்றலை உள்வாங்கும் திறனும் குறைந்திருந்தது. பொருளை மாற்றினால் பழைய சோதனை முடிவு செல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் முழுக்க அலுமினியத்துக்கே திரும்பலாமே என்பார்கள். ஆனால் எடை குறைவு, அரிமானம் இல்லாமை, இரைச்சலை உறிஞ்சும் துளைச் சுவரை இணைப்பில்லாமல் ஒரே துண்டாக வார்க்கும் வசதி என்று கூட்டுப்பொருளின் லாபங்கள் உண்மையானவை. பனி படியாமலிருக்கச் சூடான காற்று பாயும் முன்விளிம்பை மட்டும் பெரும்பாலும் உலோகத்திலேயே விடுகிறார்கள்; மோதலின் முதல் அடியும் அதன் மேலேயே விழுகிறது. 2009-இல் ஹட்சன் நதியில் இறங்கிய ஏர்பஸ் ஏ320-ஐ எந்த நுழைவாயும் காப்பாற்றியிருக்காது, வாத்துகள் இரண்டு இன்ஜின்களின் மையப்பகுதிக்குள்ளேயே போய்விட்டன என்ற வாதமும் சரியே. ஆனால் உள்ளே போன பறவை ஒரு பிளேடை முறித்தால், அந்த அதிர்வைத் தாங்க வேண்டியதும், தன் துண்டுகள் பறந்து இறக்கையையோ வாலையோ தாக்காமல் பிடித்து நிற்க வேண்டியதும் இதே நுழைவாய்தான். பறக்கப்போகும் அதே பொருளில், அதே இணைப்புகளோடு செய்த பாகத்தின் மேல் மோதல் சோதனை நடத்தாமல், கணினிக் கணக்கை மட்டும் நம்பி அனுமதி தரக் கூடாது.