உங்களுக்குத் தெரியுமா? அம்பத்தூர் பட்டறையும் கூகுள் ஏலமும்

◆ கூகுளில் ஒருவர் ‘சி.என்.சி. ஜாப் ஒர்க் அம்பத்தூர்’ என்று தேடினால், பதில் திரைக்கு வருவதற்குள் ஓர் ஏலமே நடந்து முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு தேடலுக்கும் புது ஏலம். காலையில் மேலே நின்ற விளம்பரம் மதியம் கண்ணில் படாமல் போவது இதனால்தான்.

◆ அதிகம் கேட்டவருக்குத்தான் முதலிடம் என்பதில்லை. ஒருவர் கிளிக்குக்கு 40 ரூபாய் கேட்கிறார்; அவர் விளம்பரத்தின் தரம் 4 என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர் கேட்பது 25, தரம் 8. பெருக்கினால் 160-க்கு 200. மேலே வருபவர் 25 ரூபாய்க்காரர்! அந்த 25-ஐயும் அவர் முழுசாகக் கட்ட வேண்டாம். 160-ஐத் தாண்ட 20 ரூபாயும் சில்லறையும் போதும். கூகுளின் அசல் கணக்கில் தேடுபவரின் இடம், நேரம், கருவி எல்லாம் சேரும். அடிப்படை இதுதான்.

◆ இந்த வியாபாரத்தை 1998-ல் தொடங்கி வைத்தது கூகுள் அல்ல, பில் கிராஸ் நடத்திய ‘கோ டூ டாட் காம்’. அங்கே கேட்ட தொகையை அப்படியே கட்ட வேண்டும். கூகுள் 2002-ல்தான் கிளிக் ஏலத்துக்கு வந்தது. அடுத்தவரைத் தாண்டும் அளவுக்கு மட்டும் வசூலிக்கும் அதன் முறையில் வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளரின் ஏலக் கோட்பாட்டுச் சாயல் உண்டு. 1996-ல் நோபல் அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் இறந்துபோனவர் அவர்.

◆ அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைக்காரர்களுக்குப் பெரிய ஓட்டை ‘ஜாப்’ என்ற சொல். ஜாப் ஒர்க் ஆர்டருக்காகக் கொடுத்த விளம்பரத்தை ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை தேடும் பையன் கிளிக் செய்வான். அவன்மேல் தப்பில்லை, காசு மட்டும் உங்களுடையது. இதற்குத்தான் நெகட்டிவ் கீவேர்டு: எந்தச் சொல் வந்தால் விளம்பரம் காட்ட வேண்டாம் என்ற பட்டியல். அவசரத்தில் ‘ஜாப்’ என்று போட்டுவிட்டால் ‘ஜாப் ஒர்க்’ தேடுபவரும் சேர்ந்து போய்விடுவார். வேகன்சி, சேலரி, ஃப்ரெஷர், வாக்-இன் என்று போடுங்கள். ‘வேகன்சி’ போட்டால் ‘வேகன்சீஸ்’ தானாக அடங்காது, அதையும் தனியாகச் சேர்க்க வேண்டும். ஏலத்தொகையை ஏற்றுவதற்கு முன், எந்தத் தேடலுக்குப் பணம் போனது என்ற அறிக்கையைத் திறந்து பாருங்கள். பாதிப் பேர் அந்தப் பக்கமே போவதில்லை என்பது என் சந்தேகம்.

◆ எவ்வளவு வரை கேட்கலாம்? ஓர் ஆர்டரில் கையில் நிற்பது 1,500 ரூபாய், ஐந்து கிளிக்குக்கு ஒரு போன், பத்து போனுக்கு ஓர் ஆர்டர் என்றால் 50 கிளிக். கிளிக்குக்கு 30 ரூபாய்க்கு மேல் கட்ட நேர்ந்தால் நஷ்டம். முழு 30-ஐயும் கட்டினால் லாபம் முழுக்க கூகுளுக்கு.

◆ தினசரி பட்ஜெட் 500 என்று போட்டாலும் ஒரு நாளில் 1,000 வரை போகலாம். மாதக் கணக்கில் மட்டும் 500-ஐப் போல 30.4 மடங்கைத் தாண்டாது.

◆ ஆவடி பிளம்பரின் விளம்பரம் ஆவடியில் இல்லாதவர் கண்ணிலும் படும்! அந்த ஊரில் ‘ஆர்வம் காட்டுபவர்களும்’ சேர்த்தி என்பது கூகுள் தானாக வைக்கும் அமைப்பு. பிளம்பர் அதை மாற்றி, ஊரில் இருப்பவர்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அம்பத்தூர் லேத் பட்டறை மாற்றக் கூடாது. ஓசூரிலிருந்து தேடுபவர்தான் பெரிய ஆர்டர் தருவார்.

◆ பூந்தமல்லியை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகத் தப்பாக எழுதினாலும் கூகுள் பெரும்பாலும் புரிந்துகொள்ளும். அதே ஊரின் இன்னொரு பெயரான பூவிருந்தவல்லியை மட்டும் தனி கீவேர்டாகச் சேர்த்துவிடுங்கள். தமிழிலேயே விளம்பரம் கொடுக்கும் வசதி 2018 பிப்ரவரியில் வந்தது.

◆ போட்டியாளர் பெயரைக் கீவேர்டாக வாங்கலாமா? பாரத் மேட்ரிமோனியை நடத்திய கன்சிம் இன்ஃபோ, கூகுளையும் போட்டித் திருமணத் தளங்களையும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2010 செப்டம்பரில் நீதிபதி வி.ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை தரவில்லை. விவகாரம் மேல்முறையீட்டுக்கும் போனது. 2023 ஆகஸ்டில், அகர்வால் பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ் பெயர் தொடர்பான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது: பிறர் வர்த்தகப் பெயரைக் கீவேர்டாக வைப்பது மட்டுமே மீறல் ஆகாது, வாடிக்கையாளரைக் குழப்பினால் மீறல், அப்போது கூகுளும் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

◆ கிளிக் கட்டணத்தின்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. வழக்கமான பதிவு உள்ளவர் அதை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்காரருக்கு அந்த வழி இல்லை. அவருக்கு 30 ரூபாய் கிளிக்கின் அடக்க விலை 35 ரூபாய் 40 பைசா.