உண்மை – உளதாந்தன்மை குறித்த சொல்

உண்மை என்னும் சொல் இன்று பொய்க்கு மறுதலையாகவே பெரிதும் வழங்குகின்றது. ஆயின் அதன் முதற்பொருள் அதுவன்று. ஒரு பொருள் உளதாந்தன்மையே ஆகும். வெள் என்னும் அடி மை விகுதி பெற்று வெண்மை ஆனாற்போல, உள் என்பது உண்மை ஆயிற்று. உளது, உளர், உண்டு என்பனவும் இவ்வடியினவே. தெலுங்கில் இருத்தலைக் குறிக்கும் உண்டு என்னும் வினையும் இவற்றோடு இனமானது.

தொல்காப்பிய வினையியல் குறிப்புவினைக்குரிய பொருள்களைக் கூறுமிடத்து அன்மை, இன்மை, உண்மை என்பவற்றை அடுத்தடுத்து வைக்கின்றது. இவ்வைப்பு முறை ஊன்றி நோக்கத்தக்கது. உண்மைக்கு மறுதலை இங்குப் பொய்ம்மை அன்று, இன்மையே. அன்மையோ இருப்பை மறுப்பதில்லை; ஒன்று பிறிதொன்றாதலையே மறுக்கின்றது. 'பாம்பு இல்லை' என்பதும் 'பாம்பு அன்று' என்பதும் வேறு வேறு செய்திகள். பேச்சுத் தமிழ் பலவிடங்களில் இரண்டிற்கும் இல்லை என்பதையே ஆள, மலையாளம் இல்ல, அல்ல என்னும் வேறுபாட்டை இன்றும் காத்து வருகின்றது.

உள்ளத்தால் அமைவது உண்மை, வாயால் அமைவது வாய்மை, மெய்யால் அமைவது மெய்ம்மை என மேடைகளில் கூறப்படும் விளக்கம் செவிக்கு இனியது. எனினும் மேற்காட்டிய இலக்கண ஆட்சிக்கு அது பொருந்தவில்லை. பொய்யாமையைக் கூறும் திருக்குறள் அதிகாரத்தின் பெயரும் வாய்மையே என்பது இங்கு நினைவிற்குரியது.

இப்பழம்பொருளை மறத்தலால் நேரும் இடர் சிறிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகிய சிவஞானபோதத்தின் முதல் மூன்று நூற்பாக்கள் முறையே பதியுண்மை, பாசவுண்மை, பசுவுண்மை கூறுவன என்பர். பசுவுண்மையை 'உயிர் பற்றிய மெய்ச்செய்தி' எனக் கொள்வோர்க்கு மூன்றாம் நூற்பாவின் வாதமே புலப்படாது. 'எனது உடல்' என ஒருவன் கூறுதலின், உடைமையாகிய உடலின் வேறாக உடையவன் ஒருவன் உளன் என்பது அங்குக் காட்டப்படும் ஏதுக்களுள் ஒன்று. ஆகவே நிறுவப்படுவது உயிரின் தனித்த இருப்பே.

இருப்பைக் குறித்த சொல் வாய்மையைக் குறிக்க வருதல் தமிழுக்கே உரியதன்று. வடமொழியில் 'உள்ளது' எனப் பொருள்படும் சத் என்பதினின்றே சத்தியம் பிறந்தது. இலத்தீனில் இதற்கு நிகரான ஏன்ஸ் என்பதினின்று தோன்றிய என்டிட்டாஸ், ஆங்கிலத்தில் என்டிட்டி ஆகித் தனித்த இருப்புடைய பொருளைக் குறித்தது. அதற்குத் தமிழில் உண்மை என்பதை இன்று ஆளவியலாது. உள்பொருள் என்பதே தக்கது. உள் என்பதை இவ்விடத்து அகம் எனக் கொள்ளாது, உளதாதல் எனக் கொள்ளல் வேண்டும்.