எட்டு நடிகர்களும் ஒரு நாற்பது சதவீதமும்

நெஞ்சுவலி என்று சொன்ன அந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட நோயாளி இல்லை. எல்லோரும் நடிகர்கள். கறுப்பினத்தவர் நான்கு பேர், வெள்ளையர் நான்கு பேர். அதில் சரிபாதி பெண்கள். வயது 55 அல்லது 70. எல்லோருக்கும் ஒரே மாதிரி மருத்துவமனை அங்கி, ஒரே வசனம். அமெரிக்காவில் இரண்டு மருத்துவ மாநாடுகளுக்கு வந்திருந்த 720 டாக்டர்களுக்குக் கணினியில் ஆளுக்கொரு வீடியோவைக் காட்டி, இவரை ஆஞ்சியோவுக்கு அனுப்புவீர்களா என்று கேட்டார்கள்.

மருத்துவ ஆராய்ச்சியில் இதற்கு விக்னெட் ஆய்வு என்று பெயர். கற்பனை நோயாளி ஒருவரை உருவாக்கி, அவருடைய நிறம், பாலினம், வயது, வலியின் தன்மை என ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிக் காட்டி, டாக்டரின் முடிவு எங்கே சாய்கிறது என்று பார்ப்பார்கள். உண்மையான வார்டில் இதைச் செய்ய முடியாது. நிறத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒத்துப்போகும் இரண்டு நோயாளிகள் எந்த ஆஸ்பத்திரிக்கும் வருவதில்லை.

கெவின் ஷுல்மன் குழுவின் இந்த ஆய்வு 1999 பிப்ரவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் 0.6 என்ற எண் அதில் இருந்தது. போதாதா? அவர்களை ஆஞ்சியோவுக்கு அனுப்பும் வாய்ப்பு 40 சதவீதம் குறைவு என்று அமெரிக்கப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அலறின.

அதே ஆண்டு ஜூலையில், அதே இதழில், லிசா ஷ்வார்ட்ஸ், ஸ்டீவன் வோலோஷின், கில்பர்ட் வெல்ச் மூவரும் கணக்கைப் பிரித்துப் போட்டார்கள். வெள்ளையரில் 90.6 சதவீதம் பேரை டாக்டர்கள் ஆஞ்சியோவுக்குப் பரிந்துரைத்தார்கள்; கறுப்பினத்தவரில் 84.7 சதவீதம். வித்தியாசம் ஆறு புள்ளிகூட இல்லை. அப்புறம் 0.6 எங்கிருந்து வந்தது? அது ‘ஆட்ஸ்’ விகிதம்: அனுப்பப்பட்டவர்களை அனுப்பப்படாதவர்களால் வகுத்து, இரு தரப்பில் கிடைக்கும் விடைகளை ஒப்பிடுவது. கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடக்கிற ஒரு காரியத்தில் இந்தக் கணக்கு சின்ன வித்தியாசத்தையும் ஊதிப் பெரிதாக்கிவிடும். நேரடியாகச் சதவீதத்தைச் சதவீதத்தால் வகுத்தால் 0.93 வருகிறது. அதாவது குறைவு 7 சதவீதம்.

இதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று. வெள்ளை ஆண், வெள்ளைப் பெண், கறுப்பின ஆண் மூவருக்குமே அளவு 90.6தான். கறுப்பினப் பெண்ணுக்கு மட்டும் 78.8. பாகுபாடு இருந்தது, ஆனால் அது செய்திகள் சொன்ன இடத்தில் இல்லை. செய்தியாளர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கட்டுரைச் சுருக்கத்தில் அந்த ஆட்ஸ் விகிதத்தை அனுமதித்திருக்கக் கூடாது என்று இதழின் ஆசிரியர்களே பொறுப்பேற்றுக்கொண்டார்கள். நாலு சதவீதங்களை ஒரு சிறு அட்டவணையில் போட்டிருந்தால் இவ்வளவு கூச்சல் எழுந்திருக்காது.

மருந்துச் சோதனைகளை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு 1996 முதலே கன்சார்ட் என்ற சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது. ஆனால் அது உண்மையான சிகிச்சை பெறும் உண்மையான நோயாளிகளை மனதில் வைத்து எழுந்தது. விக்னெட்டுக்கு வேறு கேள்விகளும் வேண்டும். கதையை யார் எழுதினார்கள்? மொத்தம் எத்தனை வடிவங்கள்? ஒரு டாக்டர் எத்தனை கதைகளைப் பார்த்தார், எந்த வரிசையில்? ஷுல்மன் ஆய்வில் நோயாளி விவரங்களின் சேர்க்கைகள் 144. 720 டாக்டர்களை அதில் பங்கிட்டால் ஒரு சேர்க்கைக்கு ஐந்தே பேர். இது தெரிந்தால்தான் எந்த ஒப்பீட்டை எவ்வளவு நம்பலாம் என்று வாசகருக்குப் புரியும்.

கதையின் முழு வாசகத்தையும் வெளியிட வேண்டும் என்பதில் சமரசமே கூடாது. பார்பரா மெக்நீல், ஏமாஸ் ட்வெர்ஸ்கி ஆகியோர் 1982-இல் நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையா, கதிர்வீச்சா என்று கேட்டார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் மாதத்தில் 90 சதவீதம் பேர் பிழைப்பார்கள் என்று படித்த டாக்டர்களில் 84 சதவீதம் பேர் கத்தியைத் தேர்ந்தார்கள். முதல் மாதத்தில் 10 சதவீதம் பேர் இறப்பார்கள் என்று படித்தவர்களில் அது 50 சதவீதமாகிவிட்டது. இரண்டும் ஒரே கணக்குத்தான். அனுபவமுள்ள டாக்டர்களே தடுமாறினார்கள். அப்படியிருக்க, ‘நோயாளி விவரம் தரப்பட்டது’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளும் ஆய்வுக் கட்டுரையை வைத்து என்ன செய்வது?

சொல்வது ஒன்று, செய்வது ஒன்று என்பதும் அறிக்கையில் வர வேண்டும். பீகார் கிராமங்களில் சிகிச்சை தருவோர் 340 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. அவர்களில் 80 சதவீதம் பேருக்கு மருத்துவப் பட்டம் இல்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்ற கதையை முதலில் வாசித்துக் காட்டிப் பதில் கேட்டார்கள். பிறகு பயிற்சி பெற்ற நடிகர்கள் பெற்றோர் வேடத்தில், யாரென்று சொல்லாமல் நேரில் போனார்கள். கதைக்குப் பதில் சொன்னபோதே சரியான சிகிச்சையைச் சொன்னவர்கள் குறைவு. நேரில் ஒருவர்கூட அதைத் தரவில்லை. 72 சதவீதச் சந்திப்புகளில், தீங்கு செய்யக்கூடிய மருந்துகள் கைக்கு வந்தன.

வெறும் கதையோடு நின்றிருந்தால் பீகாரின் நிலை இருப்பதைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனால் நடிகர் முறைக்கும் ஒரு குறை உண்டு. நோயுற்ற குழந்தையை நடிக்க வைக்க முடியாது. அதனால் குழந்தை வீட்டில் இருக்கிறது என்றுதான் அவர்கள் சொன்னார்கள். குழந்தையின் கண் குழிந்திருக்கிறதா, நாக்கு உலர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் டாக்டருக்கும் பார்க்காத டாக்டருக்கும் இருக்கும் வேறுபாட்டை இந்த முறையால் அளக்கவே முடியாது.