தலைக்காயத்திற்குப் பின் உயர் அழுத்த ஆக்சிஜன்: எதை எதிர்பார்க்கலாம்?

விபத்தில் தலையில் அடிபட்டு உயிர் பிழைத்தவர்களின் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: “ஆக்சிஜன் அறையில் வைத்தால் நினைவும் பேச்சும் திரும்பிவிடுமாமே, உண்மையா டாக்டர்?”

இச்சிகிச்சையில் நோயாளி மூடிய அறையினுள், இயல்பான காற்றழுத்தத்தைப் போல் ஒன்றரை முதல் மூன்று மடங்கு வரையிலான அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கிறார். சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் ஏற்கெனவே ஏறக்குறைய நிறைந்திருப்பதால், அது மேலும் அதிகமாகச் சுமக்க இயலாது. அழுத்தம் கூடும்போது இரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே ஆக்சிஜன் கரைகிறது. 100 மி.லி. இரத்தத்தில் சுமார் 0.3 மி.லி. மட்டுமே கரைந்திருப்பது, மூன்று மடங்கு அழுத்தத்தில் ஏறத்தாழ 6 மி.லி. ஆகிறது. இரத்த ஓட்டம் குன்றிய மூளைப் பகுதிக்கு இது உதவக்கூடும் என்னும் எண்ணம் நியாயமானதே.

ஆயினும் ஆய்வுகள் அதனை இதுவரை உறுதிப்படுத்தவில்லை. லேசான தலைக்காயத்திற்குப் பின் தொல்லைகள் நீடித்த அமெரிக்கப் படையினர் 72 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2015-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு 40 அமர்வுகள் உயர் அழுத்த ஆக்சிஜன் அளிக்கப்பட்டது. மற்றொரு பிரிவினர் அதே போன்ற அறையில், சற்றே கூடிய அழுத்தத்தில், வெறும் காற்றையே சுவாசித்தனர். இரு பிரிவினரும் தேறினர். அவர்களிடையே வேறுபாடு காணப்படவில்லை. கடுமையான காயத்தின் தொடக்க நாட்களில் இச்சிகிச்சை உயிரிழப்பைக் குறைக்கக்கூடும். ஆனால் பிழைத்தவர்கள் பிறர் துணையின்றி வாழும் நிலைக்கு மீள்வர் என்பதற்குப் போதிய சான்று இல்லை. எனவே, கார்பன் மோனாக்சைடு நச்சுக்கும் ஆறாத சில சர்க்கரைநோய்க் கால்புண்களுக்கும் இதனைப் பரிந்துரைக்கும் நாங்கள், தலைக்காய மறுவாழ்வுக்கு வழக்கமாகப் பரிந்துரைப்பதில்லை.

இதில் ஆபத்துகளும் உள்ளன. அழுத்தம் ஏறும்போது எச்சிலை விழுங்கிக் காதடைப்பை நீக்க வேண்டும். சொல்வதைப் புரிந்துகொள்ள இயலாத நோயாளிக்குச் செவிப்பறை காயமுறலாம். மிகுதியான ஆக்சிஜன் வலிப்பைத் தூண்டக்கூடும். தலைக்காயமுற்றோருக்கு வலிப்பு வரும் வாய்ப்பு முன்பே அதிகம். விலா எலும்பு முறிந்து நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியிருந்தால், அதை அகற்றும்வரை அறைக்குள் செல்லவே கூடாது. தீ விபத்தைத் தவிர்க்கப் பருத்தி ஆடையே அணிய வேண்டும்; தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவதுகூடத் தவறு.

நகையை அடகு வைத்து இதற்குச் செலவிட்டு, இயன்முறைப் பயிற்சியையும் பேச்சுப் பயிற்சியையும் பாதியில் விட்ட குடும்பங்களைக் காண்கையில்தான் வருந்துகிறோம். கேட்பதில் தவறேதும் இல்லை. நம்பிக்கை தரும் எதையும் நாடுவது இயல்பு. செல்வதென்று முடிவெடுத்தால், அதற்கு முன் சி.டி. படங்கள், மார்பு எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு ஆகியவற்றுடன் எங்களைச் சந்தியுங்கள். வலிப்பு மருந்தை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.