சாவி யார் கையில்?

உங்கள் பள்ளி நூலகத்துக்கு ஒரு வலைச் செயலி அமைக்க நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உலாவியைத் திறந்து உறுப்பினர் எண்ணைத் தட்டினால், இரவல் வாங்கிய நூல் எது, அதை என்றைக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது திரையில் தெரிய வேண்டும். விவரங்கள் எல்லாம் மும்பையில் உள்ள ஒரு கிளவுட் தரவுத்தளத்தில் இருக்கின்றன. கிளவுட் என்றதும் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம். குளிரூட்டிய கட்டடம் ஒன்றில் அடுக்கி வைத்து, வாடகைக்கு விடப்படும் கணிப்பொறிகள்தாம் அவை.

அந்தத் தரவுத்தளத்துக்குள் இருப்பவை அட்டவணைகள். உறுப்பினர்களுக்கு ஒன்று, நூல்களுக்கு ஒன்று, இரவலுக்கு ஒன்று. இரவல் அட்டவணையில் மாணவரின் பெயரோ முகவரியோ இராது. உறுப்பினர் எண்ணும் நூல் எண்ணும் தேதியும் மட்டுமே இருக்கும். எண்களைக் கொண்டு மற்ற அட்டவணைகளோடு பொருத்திக்கொள்ளலாம். இந்த 'உறவுமுறை' அமைப்பை 1970இல் வெளியிட்டவர், ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட். அதனிடம் கேள்வி கேட்பதற்கான மொழியே எஸ்.க்யூ.எல்.

உலாவியே நேராகத் தரவுத்தளத்திடம் கேட்டுவிட்டால் என்ன? முதல் தடை, மொழி. உலாவி பேசுவது எச்.டி.டி.பி. என்னும் நெறிமுறை. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் போன்ற தரவுத்தளங்களுக்கு அவற்றுக்கே உரிய நெறிமுறைகள் உண்டு. அந்த நெறிமுறையில் நேரடியாக இணைப்புத் திறக்க, வலைப் பக்கத்துக்கு உலாவி இடம் தருவதில்லை.

அதைவிடப் பெரிய காரணம் வேறு. தரவுத்தளத்துக்குள் நுழையக் கடவுச்சொல் வேண்டும். அதை வலைப் பக்கத்தின் நிரலில் எழுதினால், பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவருடைய கணிப்பொறிக்கும் அந்த நிரல் போய்ச் சேரும். எவ்வளவு சுற்றி வளைத்து மறைத்தாலும், தேடுபவருக்குக் கிடைத்துவிடும். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதைதான்!

ஆகவே நடுவில் ஒருவர் தேவை. அவரே வழங்கி, அதாவது சர்வர். சில பழைய நூலகங்களில் நாமே அலமாரிக்குள் போக முடியாது. சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஊழியர் எடுத்து வருவார். வழங்கியின் வேலையும் அதுவே. உலாவி சீட்டை நீட்டுகிறது. கேட்பவர் யார், அவர் அதைக் கேட்கலாமா என்று வழங்கி பார்க்கிறது. தன்னிடம் உள்ள சாவியால் தரவுத்தளத்தைத் திறந்து, விடையை மட்டும் கொண்டுவந்து தருகிறது.

இதில் இயற்பியலும் இருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. செல்லும். சென்னைக்கும் மும்பைக்கும் இடையே ஏறக்குறைய 1,000 கி.மீ. என்று கொண்டால், போய்வரக் குறைந்தது 10 மில்லி விநாடி ஆகும். தரவுத்தளத்தோடு ஓர் இணைப்பை ஏற்படுத்தவே பல முறை போய்வர வேண்டும். அதனால்தான் வழங்கியைத் தரவுத்தளத்தின் அருகிலேயே வைத்து, சில இணைப்புகளைத் திறந்தபடியே வைத்திருந்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். இணைப்புகளுக்கு உச்சவரம்பும் உண்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நாம் எதையும் மாற்றாமல் விட்டால், ஒரே சமயத்தில் 100 இணைப்புகள்தாம்.

நடுவில் ஆளை வைத்தாயிற்று, கவலை தீர்ந்ததா? இல்லை. அந்த ஆள் சீட்டில் உள்ளதை அப்படியே உரக்கப் படிப்பவராக இருந்தால் ஆபத்துதான். வழங்கி அனுப்பும் கேள்வி இப்படி இருக்கட்டும்:

உறுப்பினர் எண் = '217' உள்ள வரிகளைக் கொடு.

மேற்கோள் குறிகளுக்கு நடுவே வருவது, நீங்கள் பெட்டியில் தட்டியது. ஒரு குறும்பர் 217 என்பதற்குப் பதிலாக, 217' அல்லது '1' = '1 என்று தட்டுகிறார். இப்போது கேள்வி என்ன ஆகிறது?

உறுப்பினர் எண் = '217' அல்லது '1' = '1' உள்ள வரிகளைக் கொடு.

ஒன்றுக்கு ஒன்று சமம் என்பது எப்போதும் உண்மையல்லவா? எனவே எல்லா வரிகளும் வந்து விழும், எல்லா மாணவர்களின் முகவரியோடும். விவரமாக வந்தது கட்டளையாக மாறிவிட்டது. எஸ்.க்யூ.எல். உட்செலுத்தல் என்பது இதுதான்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2015 அக்டோபரில் பிரிட்டனின் டாக்டாக் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பழைய வலைப் பக்கங்கள் வழியாக இப்படித்தான் நுழைந்தார்கள். 1,56,959 வாடிக்கையாளர்களின் சொந்த விவரங்கள் பறிபோயின. அவர்களில் 15,656 பேரின் வங்கிக் கணக்கு விவரங்களும் சேர்ந்து போயின. 2016இல் அந்நிறுவனத்துக்கு 4,00,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. வியப்பு என்னவென்றால், இந்தத் தாக்குதல் முறை 1990களிலேயே அறியப்பட்டது; தடுக்கும் வழியோ மிக எளிது.

கேள்வியையும் விவரத்தையும் ஒட்டாமல், தனித்தனியே அனுப்ப வேண்டும். 'உறுப்பினர் எண் = ? உள்ள வரிகளைக் கொடு' என்று வெற்றிடம் விட்ட கேள்வி முதலில் போகிறது. தரவுத்தளம் அதன் பொருளை உறுதி செய்துகொள்கிறது. பிறகு வரும் விவரம் அந்த இடத்தில் அமரும், அவ்வளவே. குறும்பர் தட்டியது முழுவதையும் தரவுத்தளம் ஒரு விசித்திரமான உறுப்பினர் எண்ணாகவே கருதும். அப்படி ஓர் உறுப்பினர் இல்லை. ஒரு வரியும் வராது.

இன்னொன்றும் செய்யலாம். நூல் தேடும் பக்கத்துக்கென்று வழங்கி பயன்படுத்தும் சாவிக்கு, நூல் அட்டவணையைப் படிக்கும் உரிமை மட்டும் போதும். அழிக்கும் உரிமை எதற்கு?

கணிப்பொறியில் ஏதாவது ஒரு வலைப் பக்கத்தைத் திறந்து எஃப்12 விசையை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான உலாவிகளில் ஒரு பலகை விரியும். அதில் நெட்வொர்க் என்ற பகுதியைத் தேர்ந்து, பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். உலாவி வழங்கியிடம் நீட்டும் சீட்டுகள் ஒவ்வொன்றாக ஓடும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்பதும் அருகிலேயே இருக்கும்.