உழவு இயந்திரத்தின் மின் உறுப்புகளை நீரினின்று காத்தல்

பெரும்போக மழை தொடங்கியபின் சேற்றுழவிற்கு வாய்க்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் உழவு இயந்திரம் இயங்க மறுக்குமாயின் விதைப்புப் பிந்தும். மழையை நம்பிய வயல்களிற் பிந்தி விதைத்த நெல், கதிர் முற்றுமுன் நீரின்றி வாடவுங்கூடும். இயந்திரக் கோளாறுகளுட் பல, மின் உறுப்புகளில் நீர் புகுவதனால் உண்டாவன. சிறிது கவனத்தால் அவற்றைத் தவிர்க்கலாம்.

நீர் விளைக்கும் தீங்கு

தூய நீரில் மின் எளிதிற் பாயாது. ஆயின் வயல் நீரில் மண்ணிலுள்ள உப்புகளும் இட்ட உரமும் கரைந்துள்ளன. கடலேரியை அடுத்த வயல்களில் உப்பு மேலும் மிகுதி. இந்நீர் கம்பி இணைப்புகளில் தங்கினால் மின் கசியும். செப்புக் கம்பி அரிக்கப்பட்டுப் பச்சை நிறமாகும். நீர் உலர்ந்த பின்னரும் உப்பு எஞ்சி நின்று, காற்றின் ஈரத்தை ஈர்த்து, அரிப்பைத் தொடரச் செய்யும். ஆகவே, காய்ந்துவிட்டதென வாளாவிருத்தல் தகாது.

போகத்திற்கு முன்

1. பற்றரி முனைகளிற் படிவு காணப்படின், இயந்திரத்தை நிறுத்திக் கம்பிகளைக் கழற்றுக. இயந்திரத்தின் உடலோடு இணைந்த கம்பியை முதலிற் கழற்றி, இறுதியிற் பூட்டல் வேண்டும். இன்றேல் சாவி உடலிற் பட்டுத் தீப்பொறி எழலாம். பற்றரி வாயுவோ தீப்பற்றும் இயல்பினது.

2. முனைகளை அப்பச்சோடா கரைத்த நீராற் கழுவுக. இக்கரைசல் பற்றரியினுள் செல்லலாகாது. பின் நல்ல நீராற் கழுவித் துடைத்து, கம்பிகளை இறுகப் பூட்டிய பின்னரே மேலே கிறீஸ் பூசுக.

3. கம்பிகள் இணைப்பிற்குக் கீழே சிறிது தொய்ந்து வளைந்திருத்தல் நன்று. வழியும் நீர் இணைப்பினுட் புகாது, வளைவிலிருந்து சொட்டிவிடும்.

4. எலி கடித்த கம்பிகளை மாற்றுக. உருகி எரிந்தால் அதே அளவுடையதையே இடுக. செப்புக் கம்பியைச் சுற்றி வைப்பது தீவிபத்திற்கு வழியாகும்.

கழுவும்போது

சூடான இயந்திரத்தின் மீது நீர் வார்க்கலாகாது. தொடக்கி மோட்டர் திடீரெனக் குளிரும்போது உள்ளிருக்கும் காற்றுச் சுருங்க, இடுக்குகள் வழியே நீர் உள்ளிழுக்கப்படும். இயந்திரம் ஆறிய பின் கழுவுக. மின்பிறப்பாக்கி, தொடக்கி மோட்டர், உருகிப் பெட்டி என்பவற்றின் மீது நீரைப் பாய்ச்சாது ஈரத்துணியால் துடைத்தலே முறை.

வெள்ளத்தில் மூழ்கினால்

இயந்திரத்தை உடனே இயக்க முயலுதல் பெருந்தவறு. முதலிற் பற்றரியின் இணைப்பைக் கழற்றல் வேண்டும். மின் பாயும் வரை நனைந்த கம்பிகளின் அரிப்பு விரையும். சேறு உலருமுன் உறுப்புகளை நல்ல நீரால் மெல்லக் கழுவி, நிழலிற் காற்றுப்பட உலர்த்துக. எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் அதனுள் நீர் கலந்துள்ளது. காற்று வடியினுள் நீர் சென்றிருப்பினும் இயக்கலாகாது. எஞ்சினுள் நீர் நிற்குமாயின் அதன் உறுப்புகள் வளையும். இவ்விரு நிலைகளிலும் தேர்ந்த திருத்துநரை அழைத்தல் வேண்டும்.

போக முடிவில் இணைப்புகளை ஒருமுறை துடைத்துக் கிறீஸ் பூசி, இயந்திரத்தைக் கூரையின்கீழ் நிறுத்தும் கமக்காரருக்கு அடுத்த விதைப்பு நாளில் அதன் பயன் விளங்கும்.